அவரை ஏன் சார் விட்டீங்க?



முதல்லயே ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் மெக்கானிக்கல் ஃபைனல் இயர். அரியர் இருக்கு (எத்தனைன்னு கேட்காதீங்க, அம்மா இந்தப் பக்கத்தைப் படிப்பாங்க). ஆனா, எங்க வீட்டுல என்னைப் பத்தின பெரிய கவலை அரியர் இல்லை. ஃபுட்பால்! 'ஆடுறதைவிட அதைப் பார்த்துட்டுக் கத்துறதுதான் ஜாஸ்தி'ன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிவெச்சிருக்காங்க. நூறு சதவிகிதம் உண்மை.

நான் பெரம்பூர்க்காரன். பக்கத்துல வியாசர்பாடி. அங்க பையன் நடக்கக் கத்துக்கிட்டதும் காலுக்கு முன்னாடி ஒரு பந்தைப் போட்டுடுவாங்க. அப்படிப்பட்ட ஏரியாவுல வளர்ந்துட்டு சென்னையின் எஃப்.சி. ரசிகனா ஆகாம இருக்க முடியுமா, சொல்லுங்க?

2018 மார்ச் 13. நான் அப்ப ஏழாம் வகுப்பு. முழுப் பரீட்சைக்குப் படிக்கணும்னு அம்மா சொல்ல, 'ரெண்டு மணி நேரத்துல வந்துடுவோம்'னு அப்பா பொய் சொல்லி, என்னை ரயில்ல ஏத்தி நேரு ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போனார். ஐ.எஸ்.எல். செமி ஃபைனல். எதிர்ல கோவா. ஜேஜே ஒரு கோல் போட்டார். கொஞ்ச நேரத்துலயே தனபால் கணேஷ் ஒண்ணு. கடைசியில மறுபடி ஜேஜே. 3-0! தனபால் கணேஷ் வியாசர்பாடிக்காரர். எங்க ஸ்டாண்டுல இருந்தவங்கள்ல பாதிப் பேர் அவரை 'எங்க தெருப் பையன்'னு சொல்லிக்கிட்டாங்க. அத்தனை பெரிய தெரு உலகத்துலயே கிடையாது!

நாலு நாள் கழிச்சு பெங்களூருக்கே போய் அவங்களை 3-2ன்னு ஜெயிச்சுக் கப்பைத் தூக்கினோம். 2015-க்கு அப்புறம் ரெண்டாவது கப். வாழ்க்கைன்னா இதுதான்டான்னு நினைச்சேன்.

அடுத்த சீஸன்ல நாங்க கடைசி இடம். அப்புறம்தான் புரிஞ்சுது, வாழ்க்கைன்னா அதுதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். என் கோபமெல்லாம் தோல்வி மேல இல்லை பாஸ். தோத்தா ஒரு ராத்திரி தூக்கம் போகும், அவ்வளவுதான். என் கடுப்பெல்லாம் அந்த லிஸ்ட் மேல. யாரை வெச்சுக்கறது, யாரை அனுப்பறது, யாரை பெஞ்ச்ல உட்கார வைக்கிறதுன்னு ஒவ்வொரு சீஸனும் போடறாங்களே... அந்த லிஸ்ட்!

நெரியஸ் வால்ஸ்கிஸை எடுத்துக்கோங்க. லித்துவேனியாக்காரர். 2019-20 சீஸன்ல டீம் அதலபாதாளத்துல கிடந்தப்ப ஓவன் காயில் கோச்சா வந்தார். அதுக்கப்புறம் நடந்தது அதிசயம். வால்ஸ்கிஸ் அந்த சீஸன்ல மட்டும் 15 கோல், தங்கக் காலணி விருது அவருக்குத்தான். செமி ஃபைனல்ல கோவாவை ரெண்டு ஆட்டத்துலயும் சேர்த்து 6-5ன்னு தாண்டி ஃபைனலுக்கே போயிட்டோம். 2020 மார்ச் 14, கொரோனா பயத்துல ஆளே இல்லாத ஸ்டேடியத்துல ஏ.டி.கே-கிட்ட 3-1ன்னு தோத்தோம். நம்ம ஒரே கோலும் அவருடையதுதான்.

அடுத்த சீஸன்? காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். பின்னாடியே வால்ஸ்கிஸும் போயிட்டார். நாங்க 20 மேட்ச்ல மொத்தமா அடிச்சது 17 கோல். அதுல 11 மேட்ச் டிரா. ஒரு சீஸன் முழுக்க டிரா பார்த்திருக்கீங்களா? பந்தியில உட்கார்ந்து, இலை போட்டு, தண்ணி தெளிச்சு, கடைசிவரைக்கும் சாப்பாடே வரலைன்னா எப்படி இருக்கும்? அப்படி இருந்துச்சு.

ஜேஜே மட்டும் என்ன? 2017-18-ல 9 கோல் போட்டவர். மிசோரமிலிருந்து வந்து சென்னைப் பசங்க மனசுல குடியேறினவர். கால்ல அடிபட்டு ஒரு சீஸன் போச்சு. 2020-ல ஈஸ்ட் பெங்கால் போயிட்டார். இப்ப அவர் அரசியல்வாதி பாஸ். 2023-ல மிசோரம் சட்டசபைக்கே ஜெயிச்சுப் போனார். அனிருத் தாப்பா 2016-ல சின்னப் பையனா வந்து, எங்க கண் முன்னாடியே வளர்ந்து, கேப்டனாகி, 2023-ல மோகன் பகானுக்குப் போயிட்டார். அதே வருஷம் டியூராண்ட் கோப்பையில அந்த மோகன் பகானை ஒரே கோல்ல சாய்ச்சது ஈஸ்ட் பெங்காலின் நந்தகுமார் சேகர். அவர் எந்த ஊர்? நம்ம சென்னை! டி.வி-யைப் பார்த்துக் கைதட்டவும் முடியலை, அழவும் முடியலை.

இதையெல்லாம் அப்பாகிட்ட சொல்லிப் புலம்பினேன். அவர் ரயில்வே ஊழியர். சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "சம்பளம் வாங்கறவன் டிரான்ஸ்ஃபர்ல போவான்டா. டிக்கெட் வாங்கறவன்தான் அங்கயே ஒக்காந்துனு இருப்பான்."

அவ்வளவு ஈஸியா விட்டுடுவேனா? காலேஜ் கோவைப் பக்கம். ஹாஸ்டல்ல தினமும் ராத்திரி என் தலைமையில 'தேர்வுக் குழு' கூடும். எந்த கோச்சுக்கும் ஒண்ணும் தெரியாதுங்கிறது எங்க ஒருமித்த தீர்மானம். 2018 உலகக் கோப்பைக்கு லிராய் சானேவை வீட்டுல விட்டுட்டுப் போன ஜெர்மனி கோச் ஜோவாக்கிம் லோதான் எங்க நிரந்தரக் குற்றவாளி. அந்த சீஸன்ல மான்செஸ்டர் சிட்டி 100 பாயின்ட் எடுத்து ஜெயிச்சப்ப, அதுல கலக்கினவர் சானே. அவர் இல்லாம போன நடப்பு சாம்பியன் ஜெர்மனி, தென் கொரியாகிட்ட 0-2ன்னு தோத்து, குரூப்ல கடைசியா வந்து, ஊரைப் பார்க்கப் போயிடுச்சு. 'பார்த்தியா, நான் சொல்லலை?'

ஆனா, எங்க குழுவுல ஒருத்தன் இருந்தான். என் ரூம்மேட். கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர்ப் பக்கம். கடலும் கால்பந்தும்தான் அவங்க ஊர். பேச்சு கம்மி. லெஃப்ட் பேக் ஆடுவான். ஒருநாள் மெதுவா சொன்னான். "2002-ல ரொமாரியோவை எடுக்கணும்னு பிரேசில் நாடே கேட்டுச்சு மக்கா. ஸ்கொலாரி முடியாதுன்னுட்டாரு. அப்புறம் ஏழு மேட்ச்சும் ஜெயிச்சு கப்பு கொண்டு வந்தாரு. ஜனங்க சொன்னதைக் கேட்டிருந்தா?"

நான் பதில் சொல்லலை. சானேவுக்கே திரும்பிப் போயிட்டேன். நமக்குச் சாதகமான உதாரணம் மட்டும்தானே ஞாபகம் வரும்!

அவனே இன்னொண்ணும் சொன்னான். "2020 டிசம்பர்ல நம்ம கிரிவெல்லாரோவுக்கு அடிபட்டுச்சுல்லா? பந்து குடுக்கிற ஆளே இல்லாம, வால்ஸ்கிஸ் இருந்து மட்டும் என்னத்த அடிச்சிருப்பாரு?" அதுக்கும் பதில் இல்லை. 2022 ஜனவரியில வால்ஸ்கிஸ் எங்ககிட்டயே திரும்பி வந்தார். நான் ஹாஸ்டல்ல ஸ்வீட்டே கொடுத்தேன்னு... இருங்க, அப்ப நான் ஸ்கூல். வீட்டுல கேசரி. ஆனா அந்த சீஸனும் எட்டாவது இடம்தான். கேசரி வீண்.

இப்ப மெயின் மேட்டர்.

போன வருஷம் இன்டர் டிபார்ட்மென்ட் டோர்னமென்ட். ஃபைனல் இயர் அண்ணன்களெல்லாம் பிளேஸ்மென்ட்ல பிஸி. பி.டி. சார் என்னைக் கூப்பிட்டார். "ஏண்டா தம்பி, நீதான் டெய்லி கோச்சுகளைத் திட்டிக்கிட்டுத் திரியறயாமா? இந்தா பேப்பர். நீயே டீமைப் போடு. பதினாறு பேரு. நாளைக்குக் காலைல வேணும்."

ஆஹா, நம்ம காலம் வந்துடுச்சுடான்னு விசிலடிச்சுக்கிட்டே ரூமுக்கு வந்தேன். பேப்பரை எடுத்தேன். பதினைஞ்சு பேர் அஞ்சு நிமிஷத்துல வந்துட்டாங்க. பதினாறாவது இடத்துக்கு ரெண்டு பேர்.

ஒருத்தன் ஃபர்ஸ்ட் இயர். வந்து மூணே மாசம். ஆனா ஓடினான்னா பிடிக்க முடியாது. லெஃப்ட் சைடுல எங்கே விட்டாலும் ஆடுவான், கோலும் அடிப்பான்.

இன்னொருத்தன் என் ரூம்மேட்.

அவனுக்கு அந்த வருஷ ஆரம்பத்துல முட்டியில அடி. நடக்கறதுல தெரியாது. ஆனா பந்தோட திரும்பும்போது ஒரு நொடி லேட் ஆகும். அந்த ஒரு நொடி எனக்குத் தெரியும். நான்தானே தினமும் கூட ஆடுறவன். என் பூட்ஸ் பிஞ்சு போனப்ப ரெண்டு மாசம் அவன் பூட்ஸைப் போட்டு ஆடினவன் நான். அவன் வெளியில உட்கார்ந்து 'லெஃப்ட்ல விடு மக்கா'ன்னு கத்திக்கிட்டு இருந்தான்.

மணி பதினொண்ணு ஆச்சு. பேரை எழுதறேன், அடிக்கிறேன். எழுதறேன், அடிக்கிறேன். டி.வி. முன்னாடி உட்கார்ந்து அஞ்சு நொடியில எத்தனை பேரைத் தூக்கி எறிஞ்சிருக்கேன்! ஒரே ஒரு பேருக்கு ஒண்ணரை மணி நேரம்.

கடைசியில ஃபர்ஸ்ட் இயர் பேரை எழுதினேன். எழுதிட்டு என்ன பண்ணேன் தெரியுமா? வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். லைட்டை அணைச்சுட்டுப் படுத்துட்டேன்.

அவன் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவுல மூணு அடிதான். இருட்டுல அவன் போன் வெளிச்சம் வந்துச்சு. கொஞ்ச நேரம் அணையவே இல்லை. பதினாறு பேரைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அப்புறம் அணைஞ்சுது.

"நல்ல டீம் மக்கா"ன்னான். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டான்.

நான் தூங்கற மாதிரி நடிச்சேன்.

டோர்னமென்ட் நடந்துச்சு. செமி ஃபைனல்ல ஃபர்ஸ்ட் இயர் பையன் ரெண்டு கோல். 'என்னா செலக்ஷன்டா மச்சான்'னு என்னைத் தூக்கிச் சுத்தினாங்க. ஃபைனல்ல 0-1ன்னு தோத்தோம். அந்த கோல் எங்க லெஃப்ட் சைடு வழியாத்தான் வந்துச்சு. அவன் இருந்திருந்தா தடுத்திருப்பானா? அந்த ஒரு நொடி லேட்டுல அவனும் கோட்டை விட்டிருப்பானா? யாருக்குத் தெரியும்! ஒண்ணு மட்டும் தெரியும். ரெண்டு மேட்ச்சுக்கும் அவன் வந்தான். தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கிட்டு கோட்டோரமா ஓடினான். என்கிட்ட மட்டும் பேசலை.

ஒரு வாரம் கழிச்சு மெஸ்ல அவனே ஆரம்பிச்சான். "வெளிய வெச்சதுக்கு ஒண்ணும் இல்ல மக்கா. என் கால் எனக்குத் தெரியாதா? ஆனா பக்கத்துக் கட்டில்லதான கிடந்தேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

சாம்பார் தொண்டையில இறங்கலை பாஸ்.

அன்னிக்கு ராத்திரி எனக்கு ஞாபகம் வந்தது யார் தெரியுமா? எங்க நிரந்தரக் குற்றவாளி லோ! 2019 மார்ச்ல முல்லர், ஹம்மல்ஸ், போவாட்டெங் மூணு பேரும் இனி ஜெர்மனி டீம்ல கிடையாதுன்னு முடிவு பண்ணினார். 2014-ல அவருக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவங்க. அந்த முடிவைச் சொல்ல அவர் நேரா மியூனிக் போனார். முகத்தைப் பார்த்துச் சொன்னார். சொன்ன விதத்துக்கும் திட்டு வாங்கினார். முடிவும் முழுசா நிக்கலை. 2021-ல நடந்த யூரோவுக்கு முல்லரையும் ஹம்மல்ஸையும் திரும்பக் கூப்பிட வேண்டியதாச்சு. அப்பவும், திட்டு வாங்கத் தயாரா அவங்க எதிர்ல போய் நின்னார். எனக்கு மூணு அடி தாண்ட முடியலை.

இதனால நான் திருந்திட்டேன், இனி எந்த கோச்சையும் திட்ட மாட்டேன்னு நினைச்சீங்கன்னா, ஸாரி! திட்டுவேன். காசு கொடுத்து டிக்கெட் வாங்கறவன் திட்டாம வேற யார் திட்டறது? அப்பா சொன்ன மாதிரி, நாங்கதான் அங்கேயே உட்கார்ந்திருக்கப் போறவங்க.

ஆனா, கேள்வி மாறிடுச்சு. முன்னாடியெல்லாம் 'அவரை ஏன் சார் விட்டீங்க?'ன்னு கேட்பேன். காரணம் ஆயிரம் இருக்கும்னு இப்பத் தெரியுது. காசு இருக்கும், காயம் இருக்கும், ரூல் இருக்கும். 2021-22-ல களத்துல இருக்கக்கூடிய வெளிநாட்டுக்காரங்க எண்ணிக்கையை அஞ்சிலிருந்து நாலாக் குறைச்சாங்களே, அப்ப எந்த டீமா இருந்தாலும் ஒருத்தரை உட்கார வைச்சுத்தானே ஆகணும்? அதனால இப்ப என் கேள்வி: 'அவர்கிட்ட யார் சார் சொன்னது? எப்படிச் சொன்னீங்க?' நாலு வருஷம் ஓடினவனுக்கு நாலு நிமிஷம், ஒரு கைகுலுக்கல். அவன் பேரை முதுகுல எழுதிக்கிட்டுத் திரியற எங்களுக்கு, காரணமா ரெண்டு வரி. போதும். கோலை அப்புறம் பார்த்துக்கலாம்.

உங்களுக்கும் சொல்றேன். கல்ச்சுரல்ஸ் டீமோ, பிராஜெக்ட் குரூப்போ, ஒருநாள் உங்க கைக்கும் அந்தப் பேப்பர் வரும். பேரை அடிக்க வேண்டி வந்தா அடிங்க. ஆனா குரூப்ல போடறதுக்கு முன்னாடி கட்டிலை விட்டு இறங்கிடுங்க.

கடைசியா ஒரு தகவல். இந்த வருஷ டோர்னமென்ட்டுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. பிளேஸ்மென்ட், இந்தப் பத்திரிகைப் பயிற்சின்னு அலைஞ்சதுல நான் பிராக்டிஸ் பக்கமே சரியா போகலை. தூத்தூர்க்காரனுக்கு முட்டி சரியாயிடுச்சு, தினமும் ஓடறான். பி.டி. சார் இந்த முறை பேப்பரை அவன்கிட்டதான் கொடுத்திருக்கார்.

இதை நான் டைப் பண்ணிக்கிட்டு இருக்கும்போதே, அவன் கட்டில்ல இருந்து இறங்கி வந்து என் பக்கத்துல உட்கார்றான்.

"மக்கா, ஒரு விஷயம் சொல்லணும்..."

இருங்க, கேட்டுட்டு வந்துடறேன்!