உத்தரவாதச் சீட்டும் விதைப் பொட்டலமும்

சரக்கைச் சோதித்து வாங்கும் வித்தையை யாராவது கற்க விரும்பினால், அவர்கள் ஒட்டன்சத்திரத்துக் காய்கறிச் சந்தையில் ஒரு நாள் நின்று பார்த்தால் போதும் என்பது நமது அபிப்பிராயம். கேரளத்துக்கு லாரி ஏற்றுவதற்காக வந்திருக்கும் வியாபாரி முருங்கைக்காயை முறுக்கிப் பார்க்கிறார். தக்காளியை அமுக்கிப் பார்க்கிறார். மிளகாயைக் கிள்ளி முகர்ந்து பார்க்கிறார். வெங்காய மூட்டையின் மேல்வாயைப் பார்த்துத் திருப்தி அடையாமல் அடிவரையில் கையை விட்டுத் துழாவுகிறார். கண்ணும் கையும் மூக்கும் ஒருமித்துச் சம்மதம் கொடுத்தால் ஒழிய அவருடைய மடியிலிருந்து பணம் வெளியே வராது.

இத்தனை சாமர்த்தியமும் கடைத்தெருவில் மின்சாரச் சாமான் விற்கும் கடையின் படியேறியதும் எங்கேயோ போய்விடுகிறது. அதற்கு அவரைக் குறை சொல்வதற்கில்லை. குளிர்சாதனப் பெட்டியை முகர்ந்து பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? கிணற்று மோட்டார் எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை அமுக்கிப் பார்த்து அறிந்தவர் யார்? இப்படிப்பட்ட சாமான்களை வாங்கும்போது நாம் உண்மையில் பொருளோடு ஒரு வாக்கையும் சேர்த்து வாங்குகிறோம். "இது நன்றாக உழைக்கும், உழைக்காவிட்டால் நாங்கள் பொறுப்பு" என்பதே அந்த வாக்கு. அதை எழுத்திலே கொடுப்பதுதான் ஜனங்கள் 'காரண்டி' என்றும் 'வாரண்டி' என்றும் வழங்கும் உத்தரவாதச் சீட்டு.

அந்தச் சீட்டின் மகிமையைப் பற்றி நம் வீட்டு அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். நம் வீட்டில் மாவரைக்கும் கிரைண்டர் ஒன்று வாங்கினோம். இரண்டு வருஷ உத்தரவாதம் என்று பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஏழாவது மாதத்தில் ஒரு நாள், அரிசி பாதி அரைபட்டிருக்கும்போது, அது ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. கடைக்காரரிடம் சென்றோம். "எங்களுக்கு விற்பதோடு சரி, சார்! கம்பெனிக்காரர்களைக் கேளுங்கள்" என்றார். கம்பெனிக்காரர்களைத் தொலைபேசியில் கேட்டோம். அவர்கள் மிகுந்த மரியாதையுடன், "சீட்டில் கடையின் முத்திரை இல்லையே! ஆகையால் உத்தரவாதம் செல்லாது" என்றார்கள். முத்திரை குத்தவேண்டியவர் கடைக்காரர். குத்தாத குற்றத்துக்குத் தண்டனை நமக்கு!

நல்ல வேளையாக, கிரைண்டர் வாங்கிய ரசீதை நம் இல்லத்தரசி ரேஷன் அட்டையோடு சேர்த்துத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாள். ரசீதின் நகலை இணைத்து, வாங்கிய தேதி, பழுதான தேதி, இரு தரப்பாரும் சொன்ன பதில் ஆகியவற்றைக் குறித்து, பதினைந்து நாளில் சரிசெய்து தராவிட்டால் திண்டுக்கல்லில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவோம் என்று இருவருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினோம். பன்னிரண்டாம் நாள் புது மோட்டாரும் கையுமாக ஒருவர் வந்து சேர்ந்தார். முத்திரையைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

இதிலிருந்து நாம் அறிந்துகொண்ட முதல் பாடம் இதுதான். உத்தரவாதச் சீட்டு என்பது விற்பவர் தயவு பண்ணிக் கொடுக்கும் சன்மானம் அன்று. அதற்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. சீட்டில் அச்சிடாத வாக்குகள் சிலவற்றையும் அந்தச் சட்டமே விற்பவர் வாயிலிருந்து வாங்கி நமக்குக் கொடுத்திருக்கிறது.

1930-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு இன்றும் அமலில் இருக்கும் சரக்கு விற்பனைச் சட்டத்தைப் பாருங்கள். அது விற்பனையில் அடங்கிய வாக்குகளை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. வியாபாரத்துக்கு உயிர்நாடியான வாக்குக்கு 'நிபந்தனை' என்று பெயர். அது பொய்த்தால் சரக்கையே வேண்டாமென்று மறுக்கலாம். அதற்குத் துணையாக நிற்கும் சிறிய வாக்குக்குத்தான் 'வாரண்டி' என்று பெயர். அது பொய்த்தால் நஷ்டஈடு கேட்கலாமே தவிர, சரக்கை மறுக்க முடியாது. நாம் பெரிதாக நினைத்துக்கொண்டிருக்கும் வாரண்டி, சட்டத்தின் கண்ணில் தம்பிதான். அண்ணன் வேறு இருக்கிறார்!

அந்த அண்ணனை யாரும் சீட்டில் அச்சிட வேண்டியதில்லை. ஒரு வகைச் சரக்கை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் இன்ன சரக்கு என்று சொல்லி வாங்கினால், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அது விற்பனைக்கேற்ற தரத்தில் இருந்தாக வேண்டும் என்பது அச்சட்டத்தின் 16-ஆவது பிரிவு. வாங்குகிறவர் நேரில் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு மட்டும் இது பொருந்தாது. ஆகவே, கையால் அமுக்கிப் பார்த்து வாங்கிய தக்காளியின் மேல்தோலில் இருந்த வடுவுக்குச் சட்டம் துணைக்கு வராது. யார் கண்ணுக்கும் தெரியாமல் மோட்டாருக்குள் ஒளிந்திருந்த குறைக்கு வரும். நியாயமான ஏற்பாடுதானே?

ஆனாலும் வெகு காலம் வரையில் இந்த நியாயத்தைப் பெறச் சிவில் கோர்ட்டுப் படியைத்தான் ஏறவேண்டியிருந்தது. ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்காக ஐயாயிரம் ரூபாய் செலவழித்து வழக்காட யார் துணிவார்கள்? அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1962-ஆம் ஆண்டு மார்ச்சு 15-ஆம் தேதி தம் நாட்டுக் காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில், வாங்குகிறவர்களுக்கு நான்கு உரிமைகள் உண்டென்று எடுத்துரைத்தார்: ஆபத்தில்லாத பொருளைப் பெறுதல், உண்மை விவரம் அறிதல், விரும்பியதைத் தேர்ந்தெடுத்தல், தம் குறையைக் கேட்கச் செய்தல். நம் தேசத்தில் 1966-ஆம் ஆண்டில் பம்பாயில் ஒன்பது பெண்மணிகள் கூடி, நுகர்வோருக்கு வழிகாட்ட ஒரு சங்கத்தை ஆரம்பித்தார்கள். கலப்படத்தையும் குறை எடையையும் முதலில் கண்டுபிடிப்பவர்கள் அடுப்பங்கரையில் இருப்பவர்களே ஆகையால், இதில் வியப்பு ஒன்றும் இல்லை. 1986-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் தேதி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஜனாதிபதியின் சம்மதம் கிடைத்தது. அதற்குப் பதிலாக 2019-இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2020 ஜூலை 20 முதல் அமலுக்கு வந்தது.

இந்தச் சட்டங்களால் உண்மையில் யாருக்கு என்ன பலன் என்று கேட்பவர்கள், நம் ஊர்ப்பக்கத்துக் குடியானவரின் கையிலிருக்கும் விதைப் பொட்டலத்தைக் கவனிக்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி கெட்டால் நாலு நாள் பால் புளிக்கும், அவ்வளவுதான். விதை பொய்த்தால் ஒரு போகமே போய்விடும். உழவு கூலி, எரு, தண்ணீர், வட்டிக்கு வாங்கிய பணம் எல்லாம் மண்ணோடு மண்ணாகும். மகளின் கல்யாணமோ, மகனின் படிப்போ அந்தப் போகத்தை நம்பி நின்றால், அதுவும் தள்ளிப்போகும். விதையைக் கண்ணால் பார்த்துத் தரம் காண இயலாது. நல்ல விதையும் கெட்ட விதையும் உள்ளங்கையில் ஒன்றுபோலவே இருக்கும். ஆகையால் அங்கே பொட்டலத்தின் மேலுள்ள எழுத்தே உத்தரவாதச் சீட்டு.

1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தின்படி முளைப்புத் திறனுக்குக் குறைந்த அளவு விதிக்கப்பட்டிருக்கிறது. தக்காளி விதை நூற்றுக்கு 70-ம், மிளகாய் விதை நூற்றுக்கு 60-ம் முளைக்கவேண்டும். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை. விற்பனைக்காரர் தம் சொந்தப் பொறுப்பில் விவரம் எழுதி விற்கும் விதைக்குப் பச்சை அட்டை. இரகத்தின் பெயர், குவியல் எண், முளைப்புத் திறன், பரிசோதித்த நாள், எந்த நாள் வரையில் செல்லும் என்ற கெடு ஆகியவற்றைப் பொட்டலத்தில் பார்த்து வாங்கவேண்டும். விதை வியாபாரி ரசீது கொடுத்தே ஆகவேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது.

இனி, விதை பொய்த்த ஒரு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரையில் சென்ற கதையைச் சொல்கிறோம். ஆந்திர தேசத்து விவசாயிகள் பலர், தேசிய விதைக் கழகம் என்னும் சர்க்கார் ஸ்தாபனத்தின் விதையை விதைத்து விளைச்சல் கெட்டு நுகர்வோர் மன்றங்களில் முறையிட்டார்கள். "இவர்கள் இலாபத்துக்காகப் பயிரிடுகிறவர்கள், ஆகையால் நுகர்வோர் அல்லர். மேலும் விதையைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிக் குறையை நிரூபிக்கவில்லை" என்று கழகம் வாதாடியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த வாதங்களை ஏற்க மறுத்தது. விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே என்றது. வாங்கிய விதை முழுவதையும் நிலத்தில் விதைத்துவிடும் குடியானவர், பிறகு வழக்கு வரும் என்று எதிர்பார்த்து ஒரு பிடியை எடுத்து ஒளித்துவைத்திருப்பாரா? அந்தக் கேள்வியிலுள்ள உலக அனுபவத்தை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கிராமத்து மனிதருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறென்ன?

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். மீண்டும் விற்பதற்காகச் சரக்கு வாங்கும் மண்டி வியாபாரி இந்தச் சட்டத்தின்படி நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் தம் கையால் உழைத்துப் பிழைப்பதற்காகத் தையல் யந்திரம் வாங்கும் பெண்மணி நுகர்வோரே.

முறையிடும் வழியும் அவ்வளவு கடினமானதன்று. முதலில் விற்றவருக்கும் செய்தவருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 1915 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால் தேசிய நுகர்வோர் உதவி மையம் சமாதானத்துக்கு முயற்சி செய்யும். அதிலும் பலனில்லையென்றால் மாவட்ட ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையில் இருந்தால் அங்கேயே முறையிடலாம். 5 லட்சம் வரையில் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் முறையிட்டுவிட வேண்டும். பெங்களூரிலிருந்தோ டில்லியிலிருந்தோ சரக்கு அனுப்பியவர்மீதும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது புதிய சட்டம் செய்திருக்கும் பெரிய உபகாரம். பழுதை நீக்கவோ, வேறு சாமான் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ, நஷ்டஈடு தரவோ ஆணையம் உத்தரவிடலாம். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் ஆவதுண்டு. பொறுமையும் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் ரசீது. ரசீது கொடுக்காமலிருப்பதே முறையற்ற வியாபாரம் என்று சட்டம் கூறுகிறது. இருந்தும், "பில் வேண்டாமென்றால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்" என்னும் இனிய வார்த்தை எந்தக் கடையில்தான் கேட்கவில்லை! அந்தச் சலுகை உண்மையில் சலுகை அன்று. நம் உரிமைக்குக் கடைக்காரர் போடும் விலை. நாளைக்குச் சாமான் பழுதானால், "இதை என் கடையில் வாங்கினீர்களா?" என்று அவரே கேட்பார். அதற்குப் பதில் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது. "விற்ற சரக்கு திரும்ப வாங்கப்படமாட்டாது" என்று சிலர் ரசீதின் அடியில் அச்சிடுகிறார்கள். பழுதான சரக்கு விஷயத்தில் அந்த வரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதைத் திரும்பப் பெற்றுப் பணம் கொடுக்க மறுப்பதும் முறையற்ற வியாபாரமே என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது.

சட்டம் தெரியாததைவிட நம்மை அதிகமாகத் தடுப்பது கூச்சம். "நாலு பேர் நடுவில் கடை வாசலில் நின்று வாதாடுவதா? போகிறது, சனியன்!" என்று தலைமுழுகிவிடுவது கௌரவம் என்று எண்ணுகிறோம். நாம் இழந்த தொகை நமக்குச் சிறியதாக இருக்கலாம். ஆனால் நாம் கேளாமல் விட்ட அதே கேள்வியை அடுத்த வாரம் ஓர் ஏழைக் குடியானவர் தனியாகக் கேட்கவேண்டியிருக்கும். படித்த குடும்பங்கள் கேட்டுப் பழகிய இடத்தில்தான் படிக்காதவர்களின் குரலுக்கும் மரியாதை உண்டாகும்.

யோக்கியமான வியாபாரிக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை. ஏமாற்றுகிறவரோடு விலையில் போட்டியிட முடியாமல் தவிப்பவர் அவர்தானே! வள்ளுவர் வாணிகத்தின் அறத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்திலே வைத்துச் சொன்னார். விற்பவர், வாங்குகிறவர் இருவருக்கும் தராசின் முள் நடுவில் நிற்கவேண்டும். அதற்கு விற்பவரின் நேர்மை ஒரு தட்டு என்றால், வாங்குகிறவரின் விழிப்பு மற்றொரு தட்டு.

ஆகையால் நேயர்களுக்கு நாம் சொல்லக்கூடியது சுருக்கமானது. ரசீதைக் கேட்டு வாங்குங்கள். உத்தரவாதச் சீட்டில் தேதியும் முத்திரையும் அங்கேயே போடச் சொல்லுங்கள். விதைப் பொட்டலத்தின் அட்டையை அறுவடை வரையில் எறியாதீர்கள். குறை நேர்ந்தால் கோபிக்காமல், ஆனால் விடாமல், கேளுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றும்படி ஒருவரைக் கேட்பது சண்டையாகாது. வாக்கைக் காக்கக்கூடிய மனிதர் என்று அவரை நாம் மதிக்கிறோம் என்பதற்கு அதுவே அத்தாட்சி.