மறைந்த கொட்டகையும் மறையாத குதிரையும்

பாரிஸ் நகரத்துக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் ஈபெல் கோபுரத்தைப் பாராமல் திரும்புவதில்லை. ஆனால் நகரின் வடபுறத்தில் மோன்மார்த்ர் என்றொரு குன்று இருக்கிறதே, அதன் அடிவாரத்தில் செல்லும் ரோஷ்ஷுவார் சாலையின் 63-ஆம் இலக்கத்தைத் தேடிப் போகிறவர் மிகச் சிலரே. போனாலும் அங்கே நிற்பது சாதாரணமான ஓர் அடுக்கு மாடிக் கட்டடந்தான். இருந்தாலும், நேயர்களைச் சற்று நேரம் அதன் எதிரே நிறுத்தி வைக்க உத்தேசித்திருக்கிறேன்.

1875-ஆம் ஆண்டில் அவ்விடத்தில் பெர்னாண்டோ ஸர்க்கஸ் எழுந்தது. ஊருக்கு ஊர் கூடாரத்தைச் சுருட்டிச் செல்லும் ஸர்க்கஸ் அல்ல; ஸ்திரமான கட்டடம். நடுவே வட்டமான ஆட்டக்களம். ஸர்க்கஸ் வட்டத்தின் குறுக்களவு எங்கும் ஏறக்குறைய 42 அடியாக இருப்பதற்குக் காரணம் குதிரைதான். அந்த அளவுள்ள வட்டத்தில் குதிரை ஒரே சீராக ஓடும்போது, அதன் முதுகில் இருப்பவர் உட்புறமாகச் சாய்ந்து கொண்டால் விழாமல் நிற்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் குதிரை வித்தை காட்டிய ஆஸ்ட்லி என்பவரால் நிலைபெற்ற முறை இது.

இந்தக் கொட்டகைக்கு ஓவியர்கள் பலர் வந்தார்கள். டெகா வந்தார், ரெனுவார் வந்தார். அவர்களுக்குப் பின்னால், பிரின்ஸ்தோ என்னும் செவிடரான குதிரை ஓவியர் ஓர் இளைஞரை அழைத்து வந்தார். அவர் பெயர் ஹென்றி த துலூஸ் லோத்ரெக்.

லோத்ரெக் 1864-ல் ஆல்பி நகரில் ஒரு பிரபுவின் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாருக்குக் குதிரையும் வேட்டையுமே உயிர். பிள்ளையும் அவ்வாறே வளர வேண்டியவன்தான். ஆனால் 1878-ல் நாற்காலியிலிருந்து எழும்போது சறுக்கி விழுந்து ஒரு தொடை எலும்பு முறிந்தது. மறு வருஷம் பள்ளத்தில் விழுந்து மற்றொன்றும் முறிந்தது. பிறவியிலேயே எலும்பு பலவீனமானது. உடல் வளர்ந்தது, கால்கள் வளரவில்லை. தந்தையைப் போல் குதிரையேறி வேட்டைக்குச் செல்வது அவருக்கு எட்டாக் கனியாகிவிட்டது. பென்ஸிலும் தூரிகையுமே கைக்கு எட்டின.

அப்படிப்பட்டவர் 1887, 88-ஆம் ஆண்டுகளில் ‘பெர்னாண்டோ ஸர்க்கஸின் குதிரைக்காரி’ என்னும் படத்தை எழுதினார். படத்தின் அகலம் ஐந்தேகால் அடி; அதை எழுதியவரின் உயரத்தைக் காட்டிலும் சற்று அதிகம்! பச்சை உடை உடுத்த பெண்ணொருத்தி ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிறாள். சாம்பல் வெள்ளைக் குதிரை நமக்குப் பின்புறத்தைக் காட்டி ஓடுகிறது. சாட்டையேந்திய ஆட்டத் தலைவன் அவளை உற்று நோக்குகிறான். மேலே, முக்காலியின்மீது ஒரு கோமாளி காகித வளையத்தை ஏந்தி நிற்கிறான்; அவன் தலை படத்துக்குள் அடங்கவில்லை. இன்னும் ஒரு கணத்தில் அவள் எழுந்து அந்தக் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு பாய வேண்டும். விழுந்தால் என்னவாகும் என்பதை அதை எழுதியவரைவிட நன்றாக அறிந்தவர் யார்?

1889-ல் அதே குன்றின் அடிவாரத்தில் மூலான் ரூஜ் நடனசாலை திறக்கப்பட்டபோது இந்தப் படம் அதன் முகப்புக் கூடத்தில் தொங்கியது. பத்து வருஷம் கழித்து, மதுவினால் உடலும் மனமும் சீர்கெட்ட லோத்ரெக்கை நெய்யி என்னுமிடத்தில் ஒரு மருத்துவ விடுதியில் அடைத்து வைத்தார்கள். தம் புத்தி தெளிவாயிருக்கிறதென்று வைத்தியர்களுக்கு அவர் எவ்வாறு நிரூபித்தார் தெரியுமா? ஒரு ஸர்க்கஸையும் கண்ணால் பாராமல், ஞாபகத்திலிருந்தே குதிரைகளையும் கோமாளிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து தள்ளினார். வெளியே விட்டார்கள். 1901-ல், முப்பத்தாறாம் வயதில் காலமானார்.

பின்னாளில் மெட்ரானோ என்று பெயர் மாறிய அந்தக் கொட்டகை 1970-களில் இடிக்கப்பட்டது. படமோ 1925-லேயே கடல் கடந்து அமெரிக்காவின் சிகாகோ கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆகவே, ரோஷ்ஷுவார் சாலையில் நிற்பவருக்குக் குளம்பொலி கேளாது. சிகாகோவிலோ அந்தப் பெண் இன்னும் பாய்ந்தபாடில்லை. கோமாளியும் கை சளைக்காமல் வளையத்தை ஏந்திக்கொண்டேயிருக்கிறான்.