அம்மாவுக்குச் சொன்ன கதை

என் தாயார் தோட்டத்துத் துரை பங்களாவில் பாத்திரம் துலக்கியவர். வயதான காலத்தில் அவருக்கு இரவுதோறும் ஓர் ஆங்கில நாவலைத் தமிழில் சொல்லி வந்தேன். பார்பரா டெய்லர் பிராட்ஃபோர்டின் 'எ உமன் ஆஃப் சப்ஸ்டன்ஸ்', 1979இல் வெளிவந்தது.

தொடக்கம் 1968. எம்மா ஹார்ட் மாபெரும் வணிகச் சாம்ராஜ்யத்தின் தலைவி. அவள் பெற்ற பிள்ளைகளே அவளுக்கு எதிராகச் சதி செய்கிறார்கள்.

"முடிவை மொதல்லயே சொல்லிட்டே. அப்புறம் என்னடா கதை?" என்றார் அம்மா.

கதை 1904க்குத் திரும்பியது. இங்கிலாந்தின் யார்க்ஷயர். விடியுமுன் குளிரில் மேட்டுநிலம் கடந்து ஃபேர்லி மாளிகைக்கு வேலைக்குப் போகிறாள் சிறுமி எம்மா. அம்மா குறுக்கே பேசவில்லை. ஜெயிப்பாளா என்ற கேள்விக்கு இடமில்லை. எதைக் கொடுத்து ஜெயித்தாள் என்றே மனம் தேடியது. ஆசிரியையின் உத்தி அதுதான்.

முதலாளி மகன் கைவிட்டான். வயிற்றில் பிள்ளையோடு லீட்ஸ் நகருக்குப் போனாள். அங்கே சிறு கடை. பின்னர் லண்டனில் பேரங்காடி.

கதை முடிந்ததும் அம்மா சொன்னார்: "கடையெல்லாம் கட்டினா. புள்ளைங்க மனசைக் கட்ட முடியலையே!"

பள்ளி நாளில் அம்மாவின் வேலையைச் சொல்லக் கூசியவன் நான். காய்த்துப்போன அந்தக் கைகளை அன்றுதான் எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.