டப்பாவின் மேல் எழுதியிருப்பது

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம். ஒரு காலத்தில் அது சாத்துக்குடியும் ரொட்டிப் பொட்டலமும் ஹார்லிக்ஸ் புட்டியுமாக இருந்தது. புட்டியைக் கொண்டுவந்தவர் அதனால் நோய் தீரும் என்று சொன்னதில்லை. வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். இன்று வருகிறவர்கள் கொண்டுவரும் டப்பாக்களோ தாமே பேசுகின்றன. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுமாம், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்குமாம், தேய்ந்த மூட்டைப் புதுப்பிக்குமாம். இந்தப் பேச்சில் எவ்வளவு நம்பத்தக்கது என்று பன்னிரண்டு ஆண்டுகளாக நாங்கள் நிறுத்துப் பார்த்து வருகிறோம். எங்கள் தராசைப் பற்றி நண்பர்களிடம் கொஞ்சம் பேசலாம் என்று தோன்றியது.

நாங்கள் என்றால் ஒரு கணவனும் மனைவியும். ஒருவருக்கு ருமட்டாய்டு என்று மருத்துவர்கள் சொல்லும் முடக்குவாதம், மற்றவருக்கு நீரிழிவு. எவருக்கு எது என்பதைச் சொல்லாமல் விடுகிறோம். வீட்டில் மாத்திரைப் பெட்டி ஒன்றுதான், அதைத் திறக்கும் நேரமும் ஒன்றுதான் என்பதால், அந்தப் பிரிவினை எங்களுக்கே பல நாட்கள் மறந்துபோகிறது.

நாட்பட்ட நோயின் முதல் இயல்பு அதற்கு முடிவுரை கிடையாது என்பது. மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் நம்மைப் பார்க்கிறார். மீதி நாட்களை நாம்தான் கழித்தாக வேண்டும். அந்த நாட்களில் நம் பங்குக்கு எதையாவது செய்ய வேண்டும் என்ற தவிப்பு மேலெழுகிறது. டப்பாக்களின் சந்தை நிற்பது அந்தத் தவிப்பின் மேல்தான்.

இரண்டாவது இயல்பு இன்னும் நுட்பமானது. முடக்குவாதம் தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். காலையில் சட்டைப் பொத்தானைப் போட முடியாத வாரங்கள் உண்டு. தேங்காய் துருவ முடிகிற வாரங்களும் உண்டு. மனிதர் புதிய பொருளைத் தேடுவது வலி உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்துக்குப் பின் ஓர் இறக்கம் பெரும்பாலும் வந்தே தீரும். அந்த இறக்கத்தின் பெருமை அப்போது கையிலிருந்த டப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. 'எனக்குக் கேட்டது' என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்கள் நல்லவர்களாகவும் இருப்பார்கள். அவர்களுடைய சாட்சியத்தில் உண்மை உண்டு, காரணம் மட்டும் இல்லை. ஒரு பொருளைக் கொடுத்த கூட்டத்தையும், அதைப் போலவே தோன்றும் வெற்று மாத்திரையைக் கொடுத்த கூட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் முறை பிறந்தது இதனால்தான்.

எங்கள் சித்தி மகன் நான்கு ஆண்டுகளுக்கு முன் வேலையை இழந்தான். ஆலையில் ஆள் குறைத்தபோது போன வேலை. அதன்பின் வீடு வீடாகச் சென்று சத்துப்பொருள் விற்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று டப்பாக்களோடு வந்தான். மூட்டுக்கு மஞ்சள் சத்து கேப்ஸ்யூல், சர்க்கரைக்கு ஒரு பானம், உடம்பின் நச்சை எடுக்கக் கீரைப் பொடி. மாதத்துக்கு ஆறாயிரம் ரூபாய்.

"அண்ணி, இது மருந்தே கிடையாது. சாப்பாடு மாதிரி. சைடு எஃபெக்டே இல்ல. மூணு மாசம் சாப்பிட்டீங்கன்னா அந்த இங்கிலீஷ் மாத்திரைய நிறுத்திரலாம்" என்றான்.

இந்த மூன்று வாக்கியங்களையும் நாங்கள் பிறகு பலமுறை எடுத்துப் பார்த்தோம். முதல் வாக்கியம் இது மருந்தல்ல என்கிறது. மூன்றாவது, மருந்தின் இடத்தில் இதை வை என்கிறது. டப்பாவைத் திருப்பினால் பொடி எழுத்தில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று' என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் இருந்தது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி இத்தகைய பொருட்களில் அது அச்சாகியிருக்க வேண்டும். நீரிழிவு முதலான சில நோய்களைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வதற்கு இந்த நாட்டில் 1954ஆம் ஆண்டிலிருந்தே தடைச்சட்டம் இருக்கிறது. ஆகவே அச்சில் வர இயலாத வாக்குறுதி வாய்வழியே வருகிறது. அதுவும் அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர் என்று நாம் மறுத்துப் பேசக் கூசுகிறவர்களின் வாய்வழியே வருகிறது. டப்பாவின் மேல் எழுதியிருப்பதையும் அதைக் கொடுப்பவர் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே எங்கள் தராசின் முதல் படிக்கல்.

'உணவுதானே, கெடுதல் என்ன?' என்ற இரண்டாவது வாக்கியம் இன்னும் ஆழமானது. அதற்கு விடை எங்கள் மாத்திரைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது.

முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் தருகிறார்கள். அதன் தொல்லைகளைக் குறைக்க, மருத்துவர் குறித்த கிழமையில் ஃபோலிக் அமிலம் என்னும் விட்டமின் மாத்திரையும் உண்டு. இந்த இரண்டுக்கும் ஒரு பொதுச் சரித்திரம் இருக்கிறது. 1928இல் இந்தியாவுக்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயின் நெசவாலைகளில் உழைத்த கர்ப்பிணிகளைத் தாக்கிய கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அவர்களைத் தேற்றியதை 1931இல் வெளியிட்டார். அதிலிருந்த அந்தப் பொருளுக்கே பிற்பாடு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழு 1940களில் அதைச் செயற்கையாக உருவாக்கியது.

கதை இங்கே திரும்புகிறது. இரத்தசோகையைத் தீர்த்த அந்த நல்ல விட்டமினின் வகைகளைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நோய் விரைந்து முற்றுவதாக அவருக்குத் தோன்றியது. அப்படியானால் விட்டமினை மறிக்கும் பொருள் உதவுமோ என்று எண்ணி, சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்து அத்தகைய ஒன்றைப் பெற்றுக் கொடுத்தார். சில குழந்தைகள் தற்காலிகமாகவேனும் தேறியதை 1948இல் அறிவித்தார். மறிக்கும் அந்தக் குடும்பத்தில் வந்ததுதான் மெத்தோட்ரெக்ஸேட்.

ஒரே விட்டமின். பம்பாய்க் கர்ப்பிணிக்கு உயிர். பாஸ்டன் குழந்தைக்கு ஊறு. எங்கள் வீட்டில் மருந்தின் கடுமையைத் தணிக்கும் துணை. சத்து என்ற சொல்லுக்கு முன்னால் 'யாருக்கு' என்ற கேள்வியை வைக்க எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது இந்தச் சரித்திரம்தான்.

இனி மஞ்சள். நம் அடுக்களையில் அஞ்சறைப் பெட்டியின் நடுநாயகமாக இருப்பதை எப்படிச் சந்தேகிப்பது? மஞ்சள் பொடியில் குர்குமின் என்ற வேதிப்பொருள் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்குதான். அதையும் நம் குடல் எளிதில் உள்வாங்குவதில்லை. பெங்களூரில் நடந்து 1998இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இரண்டு கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்ந்தால் அது உடலில் சேர்வது 2,000 விழுக்காடு கூடுவதாகச் சொன்னது. அதன்பின் கேப்ஸ்யூல்களில் மிளகுச் சத்தும் இடம்பிடித்தது. குடலும் கல்லீரலும் இட்டிருக்கும் தடையைத் தளர்த்தித்தான் மிளகு இதைச் செய்கிறது. தடை தளர்ந்தால் வேறு சில மருந்துகளின் அளவும் இரத்தத்தில் உயரக்கூடும். அமெரிக்காவில் மருந்துகளால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் மருத்துவர் குழு 2022இல் மஞ்சள் சத்துப் பொருட்களால் பாதிக்கப்பட்ட பத்துப் பேரைப் பற்றி எழுதியது. அவர்களில் ஒருவர் இறந்துபோனார். கோடிக்கணக்கானோர் உண்ணும் பொருளில் பத்துப் பேர் மிகச் சிறிய எண்தான். ஆனால் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறவரின் கல்லீரலை ஏற்கெனவே சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். அந்த எண் ஒருநாள் ஏறினால், குற்றவாளி மருந்தா கேப்ஸ்யூலா என்று மருத்துவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? வேலை செய்கிற மருந்தையே நிறுத்த நேரிடலாம். சாம்பாரில் போடும் மஞ்சளை நாங்கள் நிறுத்தவில்லை. கேப்ஸ்யூலைத் திருப்பிக் கொடுத்தோம்.

எண்களையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 25,871 பேரைக் கொண்டு நடந்த வைட்டல் என்ற பெரிய ஆய்வின் ஒரு பகுதி 2022இல் வெளிவந்தது. விட்டமின் டி எடுத்தவர்களுக்குத் தன்னுடலையே தாக்கும் நோய்கள் ஐந்தாண்டுகளில் 22 விழுக்காடு குறைவாக வந்தன என்பது அதன் முடிவு. அதைச் செய்தியில் படித்தபோது எங்களுக்கும் நெஞ்சு துள்ளியது. முடக்குவாதமும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதானே. உள்ளே போய்ப் பார்த்தால், ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 12,900 பேர். வெற்று மாத்திரைப் பக்கத்தில் நோய் கண்டவர் 155, விட்டமின் பக்கத்தில் 123. இடைவெளி 32 பேர். ஏறத்தாழ நானூறு பேர் ஐந்தாண்டு சாப்பிட்டால் ஒருவர் தப்பலாம். நல்ல செய்திதான், ஆனால் நோய் வருவதற்கு முன்பு தடுப்பதைப் பற்றிய செய்தி. வந்துவிட்ட நோயைத் தீர்ப்பது பற்றி அதில் ஒன்றுமில்லை. டப்பாவின் மேல் ஏறும்போது இந்த வேறுபாடு உதிர்ந்துவிடுகிறது.

இவ்வளவு சொல்வதால் நாங்கள் எல்லாச் சத்து மாத்திரைகளுக்கும் எதிரிகள் என்று நினைத்துவிடக் கூடாது. நீரிழிவுக்கு மெட்ஃபார்மினை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு விட்டமின் பி12 குறைந்துபோகிறது. தாவர உணவில் அது இயல்பாகக் கிடைப்பதில்லை; எங்கள் வீடோ சைவ வீடு. பாதத்தில் எரிச்சல் தொடங்கியபோது அதைச் சர்க்கரையின் வேலை என்றே எண்ணிவிட இடமிருந்தது. மருத்துவர் பி12 அளவைப் பார்த்தார். குறைவு. ஊசியும் பின்பு மாத்திரையும் கொடுத்தார். அந்த மாத்திரை மலிவானது, அதைச் சிபாரிசு செய்ய எந்த உறவினரும் வீடு தேடி வந்ததில்லை. குறைவை அளந்தார்கள், குறைந்ததைக் கொடுத்தார்கள், மறுபடி அளந்தார்கள். சத்து மாத்திரைக்கு இதைவிட நேர்மையான வழி எங்களுக்குத் தெரியவில்லை.

ஆகவே எங்கள் தராசில் இன்று மூன்று கேள்விகள் இருக்கின்றன. எனக்கு இது குறைவு என்று யார் அளந்தார்கள்? நான் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையோடு இது எப்படிப் பழகும்? இதை விற்பவர், இருக்கிற மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? மூன்றாவதற்கு விடை 'ஆம்' என்றால் முதலிரண்டைக் கேட்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஓர் ஆசிரியை இப்படி மருந்தை நிறுத்தி, ஓராண்டு பொடி கரைத்துக் குடித்தார். மருத்துவமனைக்குத் திரும்பியபோது விரல்கள் கோணிவிட்டிருந்தன. முடக்குவாதத்தில் அரித்துப்போன மூட்டு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. இப்போது சுண்ணக்கட்டியை இடக்கையால் பிடித்து எழுதுகிறார்.

சித்தி மகனுக்கு 'வேண்டாம்' என்று சொன்னதுதான் இவை எல்லாவற்றிலும் கடினமானது. அவனுக்கு அந்த ஆறாயிரத்தில் ஒரு பங்கு வீட்டு வாடகை. காரணங்களைச் சொன்னோம், காபி கொடுத்தோம். அவன் டப்பாக்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டு "நம்ம ஆளுங்களே நம்மள நம்பலைன்னா" என்று பாதியில் நிறுத்தினான். ஏழு மாதம் வரவில்லை. ஒரு பொருளை மறுத்தால் அதைக் கொடுக்கும் கையையும் மறுத்ததாகும் ஒரு சமூகத்தில் நாம் வாழ்கிறோம். எந்த ஆய்வும் இந்தச் சங்கடத்தை அளப்பதில்லை.

எட்டாம் மாதம் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்தான். சித்திக்கு இதய வால்வு மாற்றி ஆறு ஆண்டுகளாகின்றன; இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். "அண்ணா, அம்மாவுக்கு ரெண்டு மாசமா கீரைப் பொடி குடுத்துட்டு வர்றேன். அந்த மாத்திரையோட சேருமா?" என்று கேட்டான். கீரையில் விட்டமின் கே அதிகம். வார்ஃபரினின் வேலையை அது குறைக்கும். கொடுத்தாலும் அளவு மாறும், திடீரென்று நிறுத்தினாலும் மாறும். நாங்களாக எதையும் சொல்லவில்லை. டப்பாவையும் எடுத்துக்கொண்டு காலையில் முதல் வேலையாக மருத்துவரிடம் போகச் சொன்னோம்.

மறுநாள் மாலை அழைத்தான். இரத்தம் உறையும் எண் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கியிருந்ததாம். மருத்துவர் மாத்திரையைச் சரிசெய்து, மறுவாரமும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார். சித்தி நலம்.

அவன் இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறான். வேறு வேலை கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் டப்பாவைத் திறப்பதற்கு முன் அந்த வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேட்கிறானாம். அதனால் விற்பனை பாதியாகிவிட்டது என்று போன பொங்கலுக்கு வந்தபோது சொன்னான்.