எழுதி, திரும்பி, வாசித்து

சுவரின் அடிப்பகுதியில், தரையில் உட்காரும் பிள்ளைக்குக் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை பூசினார்கள். 2007-08இல் செயல்வழிக் கற்றல் தமிழகத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவிய காலம். பாட அட்டையை எடுத்து, பாயில் குழுவோடு உட்கார்ந்து முடித்தால் கற்றல் ஏணியில் அடுத்த படி. பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய் மாதக்கணக்கில் கழித்துத் திரும்பும் பையன், விட்ட அட்டையிலிருந்தே தொடர்ந்தான். யாரோடும் ஓட வேண்டியதில்லை. அந்த ஏணியில் எனக்குப் பிடித்தது அதுதான்.

நான் பாடம் நடத்திய ஐந்தாம் வகுப்பில் மறுபடி பெரிய கரும்பலகை. அதை நினைத்தாலே முன்வரிசையில் இருந்த இருவர் வந்துவிடுகிறார்கள். ஒரு சிறுமிக்குப் பார்வை மங்கல். எழுதுவதை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பையனுக்குக் காதில் கருவி. என் உதட்டைப் பார்த்துத்தான் பாதிச் சொற்களைப் பிடிப்பான். எழுதிக்கொண்டே பேசினால் அவளுக்கு உதவி, அவனுக்கோ என் முதுகுதான் தெரியும். அதனால் ஒரு வரி எழுதுவேன், திரும்புவேன், முகம் பார்த்து வாசிப்பேன். உதடு தெரியும்படி மீசையைக் கத்தரித்துக்கொண்டேன். ஜன்னலுக்கு முன்னால் நிற்பதை விட்டேன். வெளிச்சம் முதுகில் விழுந்தால் முகம் இருண்டுவிடும்.

இன்னொருவன் வாய்க்கணக்கில் சூரன். நோட்டிலோ எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சோம்பேறி என்றே ஊர் சொல்லிவந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைத்தான் கணக்கில் எடுத்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவை 21 ஆனபோதுதான் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் ஒருமுறை, "சார், முதல்ல விடையைக் கேளுங்க, எழுத்தை அப்புறம் பார்க்கலாம்" என்றார். கேட்டேன். அவனிடம் விடை இருந்தது.

நான் எழுதி, திரும்பி, வாசித்த அந்த இடைவெளியில்தான் அவனும் ஒரு வரியை எழுதி முடிப்பான். சூளையிலிருந்து திரும்பிய பிள்ளைகளும் அப்படித்தான் வரியைப் பிடித்துக்கொண்டார்கள். இருவருக்காக நிதானித்த பாடம் வகுப்பு முழுவதற்கும் எட்டியது.

2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியில் இடம் தந்தது. பள்ளியில் சேர்ப்பது வேறு, பாடத்தில் சேர்ப்பது வேறு. இரண்டாவதைச் சட்டத்தால் மட்டும் செய்ய முடியாது. அது அன்றாடம் வகுப்பில் நிற்கும் ஆசிரியரின் வேலை. புதிதாக வரும் ஆசிரியர்களிடம் ஒன்றை மட்டும் சொல்வேன். முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையிடமும், "எங்க உட்கார்ந்தா உனக்கு நல்லாத் தெரியுது, நல்லாக் கேக்குது?" என்று கேளுங்கள். பிள்ளைக்கு அது தெரியும். பிள்ளை சொல்கிற இடத்திலிருந்து பாடத்தைத் திட்டமிடுங்கள்.