விலையும் மதிப்பும்

மலிந்ததை இகழ்வது மாந்தர்க்கு இயல்பு; யானும் அதற்கு விலக்கல்லேன். சென்ற ஆண்டில், நூல் வாங்குதற்கென்று தந்தையார் அனுப்பிய பணத்தைக் கொண்டு 60 டாலர் விலையுள்ள கணினி விளையாட்டொன்றை வாங்கினேன். மூன்றே நாளிற் சலித்தது. ஆயினும், கொடுத்த பொருளை நினைந்து, காண்பார்க்கெல்லாம் அதனைப் புகழ்ந்தே பேசினேன். புகழ்ந்தது விளையாட்டையன்று, விலையையே!

அந்நாளில் அறைத்தோழர் 'வாம்பயர் சர்வைவர்ஸ்' என்பதைக் காட்டினார். விலை 5 டாலர் என்றார். கேட்டவளவில் நகைத்தேன். லூகா காலாந்தே என்பார் தொடக்கத்தில் தனியொருவராய் இயற்றி, 2021 டிசம்பரில் 3 டாலருக்கு வெளியிட்டது அது. 2023-இல் பாஃப்டா பரிசில், 60 டாலர் விலையுள்ள 'எல்டன் ரிங்'கையும் வென்று, சிறந்த விளையாட்டென்னும் பெயரை அதுவே பெற்றது. சிறுவிலை பலரை வாங்கத் துணிவித்தது. வாங்கியோர் எதிர்பாராத இன்பமெய்திப் பிறர்க்கும் பறைசாற்றினர்.

சிறுவிலையும் எங்கும் சிறிதன்று. நிண்டெண்டோ 2016-இல் 'சூப்பர் மாரியோ ரன்' என்பதற்குக் கைப்பேசியில் 10 டாலர் விலை வைத்தபோது, இலவசத்திற் பழகியோர் பலர் முணுமுணுத்தனர். அந்நிறுவனத்தின் விளையாட்டுக் கருவியிலோ அவ்விலை மலிவெனப்பட்டிருக்கும்.

இப்போது தோழர் ஆடி முடிக்குமளவும் அவர் கணினிக்கருகே காத்திருக்கின்றேன். நூல்களை நூலகத்தில் இரவல் பெறுகின்றேன். தந்தையார்க்கு இன்னும் எழுதிலேன்.