ஆத்தாவின் கம்பஞ்சோறு

ஒரு நாட்டின் இயல்பை அறிய விரும்புவோர் அந்நாட்டு மக்களின் உணவை அறிதல் வேண்டும். நிலங்களுக்குரிய கருப்பொருள்களை வகுத்துரைத்த தொல்காப்பியர், தெய்வத்திற்கு அடுத்த இடத்தை உணவிற்கே அளித்தார். மரமும் விலங்கும் பறவையும் தொழிலும் அதன் பின்னரே வருகின்றன. இவ்வரிசையின் பொருளை எனக்கு உணர்த்தியது உரைநூல் அன்று; என் தந்தையைப் பெற்ற பாட்டியின் கையால் ஆக்கிய கம்பஞ்சோறேயாகும். பாட்டியை 'ஆத்தா' என அழைப்பது எங்கள் வழக்கம்.

கொங்குநாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையில் பெரும்பகுதியை மலைக்கு அப்பால் கேரள நாட்டிலேயே பொழிந்துவிடுகிறது. கோவை வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 முதல் 700 மில்லிமீட்டர் மழையே பெய்யும். ஆற்றுப் பாய்ச்சல் உள்ள இடங்களில் நெல் விளையும். மேட்டு நிலங்களிலோ, சிறிதளவு நீரைக் கொண்டே விளையும் கம்பும் சோளமும் கேழ்வரகும் கொள்ளுமே உழவனைக் காத்து வந்தன.

பல்லடத்திற்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவன் யான். விடியுமுன் எங்கள் வீட்டில் உலக்கை ஒலி கேட்கும். ஆத்தா கம்பில் நீர் தெளித்து உரலில் இட்டுக் குற்றுவார். உமி நீங்கப் புடைப்பார். மீண்டும் இடித்துக் கொதிநீரில் இட்டுத் துடுப்பினால் கிண்டுவார். வெந்த சோற்றை உருண்டைகளாக்கி நீரில் இட்டு வைப்பார். மறுநாட் காலையில் அவ்வுருண்டையை மோரில் கரைத்துச் சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உண்டால், உச்சி வெயிலிலும் உடல் சோராது. கொள்ளுப் பருப்பும் அதற்கு ஏற்ற துணை. பனை சுரக்கும் காலத்தில் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைப் பருகுவோம். அதனைத் 'தெளுவு' என்பது கொங்கு வழக்கு. 'ஒரம்பரை' என நாங்கள் கூறும் விருந்தினர் வந்தால் மட்டும் அரிசிமாவை வேகவைத்துப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப் பாலும் மணக்கும். நெல்லரிசிச் சோறு அந்நாளில் நோன்பு நாளின் உணவு.

1971 ஆம் ஆண்டில் ஆறாம் வகுப்பிற்காகப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்ந்தேன். உடன் பயின்றோர் சிலர் வெண்சோறு கொண்டுவந்தனர். என் தூக்குப்போசியிலோ கருநிறக் கம்பு உருண்டை. ஒருவன் அதனைக் கண்டு நகைத்தான். அன்றுமுதல் நண்பகலில் வேலி ஓரத்திற்குச் சென்று, அவ்வுருண்டையைக் காக்கைகளுக்கு இட்டுவிட்டுப் பசியோடு வகுப்பிற்குத் திரும்புவேன்.

மாலையில் ஆத்தா வெறும் போசியைக் கண்டு மகிழ்வார். “பூராவும் உண்டுட்டயா கண்ணு? நாளைக்கு இன்னொரு உருண்டை சேத்து வெக்கறேன்” என்பார். அவ்வாறே மறுநாள் இரண்டு உருண்டைகள் இருந்தன. அவற்றையும் காக்கைகளே உண்டன.

அவ்வாண்டுக் கோடையில் எங்கள் கிணறு வற்றியிருந்தது. கம்புக் குதிரும் அடி தெரிந்தது. ஒரு நாள் இரவு நீர் பருக எழுந்தேன். அடுப்பங்கரையில் ஆத்தா தனியே அமர்ந்து, உருண்டை ஊறிய நீரில் உப்பிட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். பானையில் மறுநாள் எனக்கு வைக்க வேண்டிய இரண்டு உருண்டைகள் மட்டுமே கிடந்தன. எனக்கெனச் சேர்த்த அந்த இன்னோர் உருண்டை எவருடைய பங்கு என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் எல்லார் நடுவிலும் அமர்ந்து கம்பஞ்சோற்றை உண்டேன். எவன் நகைத்தான் என்று நான் நோக்கவில்லை. “ஓர் உருண்டை போதும், ஆத்தா” என்று மாலையில் கூறினேன். காக்கைகளுக்கு இட்ட செய்தியை மட்டும் கூறத் துணிவு வரவில்லை. நான் புலவர் பட்டம் பெறுமுன்னரே அவர் மறைந்தார். அக்குறை இன்றும் என் நெஞ்சில் உள்ளது.

காலம் மாறிற்று. ஆழ்கிணறுகளும் அங்காடி அரிசியும் வந்தபின் கம்புக் கொல்லைகள் சுருங்கின. உரல்கள் முற்றத்து மூலையில் கவிழ்ந்தன. பின்னர் உலகம் மீண்டும் திரும்பிப் பார்த்தது. இந்தியாவின் முன்மொழிவை ஏற்று, ஐக்கிய நாடுகள் அவை 2023 ஆம் ஆண்டை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு என்று அறிவியலார் கூறுகின்றனர். தீட்டிய அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இன்று கோவை நகரின் பெரிய உணவகங்களிலும் கம்பங்கூழ் விலைக்குக் கிடைக்கிறது. அதனைப் பெருமையுடன் பருகுவோரைக் காணுந்தோறும் அந்த வேலி ஓரமே என் நினைவிற்கு வருகிறது.

மாணவர்களே, கம்பு உயர்ந்தது, நெல் தாழ்ந்தது என்று கூற வந்தேன் அல்லேன். ஒவ்வொரு நிலமும் தன்னால் இயன்றதை விளைவித்துத் தன் மக்களுக்கு ஊட்டுகிறது. உங்கள் கலத்தில் வந்து விழும் உணவு எதுவாயினும், அதனை விளைவித்த கையையும், உங்களுக்காகத் தன் பங்கைக் குறைத்துக்கொண்ட கையையும் எண்ணிப் பாருங்கள். அவ்வாறு எண்ணியவன் எந்த உணவையும் இகழமாட்டான். பிறர் கலத்தைக் கண்டு நகைக்கவும் மாட்டான்.